ஹாரி வாஷிங்டன் ஏன் பிரிட்டிஷ் கப்பலில் ஏறினார்?

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் பள்ளிப் புத்தகத்திலிருந்து மூன்று விஷயங்கள் நினைவுக்கு வரும். பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய தேயிலை, ‘பிரதிநிதித்துவம் இல்லையேல் வரியில்லை’ என்ற முழக்கம், ஜார்ஜ் வாஷிங்டன். தேர்வு எழுத இது போதும். பதின்மூன்று குடியேற்றங்கள் ஒன்றுசேர்ந்து, உலகின் மிகப் பெரிய கப்பற்படையை வைத்திருந்த அரசைத் தோற்கடித்த கதை சிலிர்ப்பூட்டும் கதைதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நான் பேச விரும்புவது இன்னொரு வாஷிங்டனைப் பற்றி. 1783 ஜூலை 31 அன்று, போர் முடிந்து பிரிட்டிஷ் படை நியூயார்க்கைக் காலி செய்துகொண்டிருந்த நேரத்தில், ‘லபொண்டான்ஸ்’ என்ற கப்பலில் ஒரு கறுப்பர் ஏறினார். கப்பலில் ஏறுகிறவர்களைப் பதிவு செய்துகொண்டிருந்த எழுத்தர் அவர் பெயரை ஹாரி வாஷிங்டன் என்று எழுதினார். வயது 43. முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை. அவரை விட்டு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவுதான் குறிப்பு.

ஏழு ஆண்டுகளுக்கு முன் என்றால் 1776. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று பிலடெல்பியாவில் பிரகடனம் செய்த அதே ஆண்டு. ஆண்டை ஒரு விடுதலைப் படைக்குத் தலைமை தாங்கப் போயிருந்தார். அவருடைய குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அடிமை, அந்த ஆண்டையிடமிருந்து விடுதலை தேடி எதிரிப் படைக்கு ஓடிப்போனார்.

‘நீக்ரோக்களின் ஏடு’ என்று அழைக்கப்படும் இந்தப் பதிவேட்டில் 3,000 பேர் இருக்கிறார்கள். (பெயர் இன்று நம் காதில் உறுத்தும், அன்று வைத்த பெயர் அது.) கனடாவின் நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகம் இதை இணையத்தில் வைத்திருக்கிறது. என் ஆய்வுக்காக வேறெதையோ தேடப் போய் ஒரு இரவு முழுக்க இதிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெயர், வயது, உடல்வாகு, யாருடைய உடைமை, எப்போது ஓடி வந்தார். சந்தையில் மாட்டைப் பார்த்து எழுதுவதுபோல உடலை வருணித்திருக்கிறார்கள். ஆனால் அந்த வரியில் இருப்பவரைப் பொறுத்தவரை அது விடுதலைப் பத்திரம்.

அமெரிக்க விடுதலைப் போரைப் புரிந்துகொள்ள இந்த ஏட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

குடியேறிகளின் கோபம் எங்கே தொடங்கியது என்பது தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1763இல் பிரான்சுடனான ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கழுத்து வரை கடன். கடனில் ஒரு பங்கைக் குடியேற்றங்கள் தலையில் கட்ட 1765இல் முத்திரைத்தாள் சட்டம் வந்தது. எதிர்ப்பு வெடித்ததும் திரும்பப் பெற்றார்கள். பிறகு வேறு வரிகள் வந்தன. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டனில் 342 பெட்டித் தேயிலை கடலுக்குப் போனது. தேயிலைக்காரர் நமக்கும் பழக்கமானவர்தான்: கிழக்கிந்தியக் கம்பெனி. அந்த ஆண்டுச் சட்டம் தேயிலை விலையைக் குறைக்கவே செய்தது என்பதைப் பாடப் புத்தகம் சொல்லாது. தங்களைக் கேட்காமல் வரி போடும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்பதுதான் பிரச்சினை. கடத்தல் தேயிலை விற்று வந்த வணிகர்களின் வயிற்றெரிச்சலும் அதில் சேர்ந்திருந்தது.

இந்த ஆண்டுகளின் துண்டறிக்கைகளிலும் பேச்சுகளிலும் ஒரு சொல் விடாமல் வரும். அடிமை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எங்களை அடிமைகளாக்குகிறது, நாங்கள் அடிமைகளாக வாழ மாட்டோம் என்று எழுதினார்கள். எழுதியவர்களில் பலருக்கு மை தொட்டுக் கொடுக்க வீட்டில் அடிமை இருந்தார். பதின்மூன்று குடியேற்றங்களில் அப்போது சுமார் 25 லட்சம் பேர். ஐந்தில் ஒருவர் கறுப்பர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். பேசியவர்களுக்கு அடிமைத்தனம் ஒரு உவமை. கதவோரம் நின்று அந்தப் பேச்சைக் கேட்டவர்களுக்கு அது விடிந்தால் தொடங்கும் வேலை.

அப்படிக் கேட்ட ஒருவரைச் சொல்கிறேன். மாசசூசெட்ஸின் ஷெஃபீல்டு என்ற ஊர். 1773 ஜனவரியில் அவ்வூர்ப் பெரியவர்கள் கூடி, மனிதர்கள் இயற்கையில் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்று ஒரு தீர்மானம் எழுதினார்கள். கூடியது ஜான் ஆஷ்லி என்பவரின் வீட்டில். ஆஷ்லி ஒரு நீதிபதியும்கூட. அந்த வீட்டில் பெட் என்ற பெண் அடிமையாக இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். வீட்டு எசமானி இன்னொரு சிறு பெண்ணை அடிக்க அடுப்பில் காய்ந்த இரும்புக் கரண்டியை ஓங்கியபோது குறுக்கே கையை நீட்டினார். தழும்பு சாகும்வரை இருந்தது. யாராவது என்ன ஆயிற்று என்று கேட்டால் எசமானியையே கேளுங்கள் என்பாராம். அதற்காகவே அந்தக் கையை மூடாமல் வைத்திருந்தார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1780இல் மாசசூசெட்ஸ் தனக்கென ஓர் அரசியல் சட்டம் எழுதியது. எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்று அது சொன்னது. பெட், தியடோர் செட்ஜ்விக் என்ற வழக்கறிஞரிடம் போனார். இந்தச் சட்டம் எனக்கும் பொருந்தும்தானே என்பதுதான் அவருடைய கேள்வி. 1773இல் ஆஷ்லி வீட்டில் அந்தத் தீர்மானத்தை எழுதியதில் இந்தச் செட்ஜ்விக்குக்கும் பங்கு உண்டு. 1781இல் நடுவர் குழு பெட்டின் பக்கம் தீர்ப்பளித்தது, ஆஷ்லி 30 ஷில்லிங் இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. கூலி தருகிறேன், வேலைக்குத் திரும்பி வா என்று ஆஷ்லி அழைத்தார். பெட் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். இதுபோன்ற வழக்குகளால் அந்த மாநிலத்தில் அடிமை முறை சாய்ந்தது. 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாசசூசெட்ஸில் ஓர் அடிமைகூடப் பதிவாகவில்லை.

ஆகவே 1776இன் சொற்கள் வெறும் ஏமாற்று என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக நான் தயாராக இல்லை. அந்தச் சொற்களை எழுதியவர்களைவிட அதிக நம்பிக்கையோடு அவற்றை எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். 1777 ஜனவரியில் பிரின்ஸ் ஹால் முதலான கறுப்பர்கள் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு அளித்த மனுவும் இதையேதான் கேட்டது: பிரிட்டனுக்கு எதிராக நீங்கள் வைக்கும் ஒவ்வொரு நியாயமும் எங்கள் வழக்கில் இன்னும் வலுவாகப் பொருந்துகிறதே, உங்களுக்குத் தெரியவில்லையா?

இனி போர்க்களம். 1775 ஏப்ரல் 19, லெக்சிங்டன். முதல் துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்ட குடியேற்றத் தரப்பினரில் ஒருவர் பிரின்ஸ் எஸ்டாபுரூக். அவர் ஓர் அடிமை. தொடக்கத்திலிருந்தே கறுப்பர்கள் களத்தில் இருந்தார்கள். ஜூலையில் தளபதிப் பொறுப்பேற்ற வாஷிங்டனுக்கு இது பிடிக்கவில்லை. நவம்பரில் கறுப்பர்களைப் படையில் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது, சுதந்திரமானவராக இருந்தாலும் சரி.

அதே நவம்பரில்தான் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் பிரபு ஓர் அறிக்கை வெளியிட்டார். கலகக்காரர்களின் அடிமைகளில் ஆயுதம் ஏந்தக்கூடியவர்கள் மன்னரின் படையில் சேர்ந்தால் விடுதலை. கவனியுங்கள், கலகக்காரர்களின் அடிமைகளுக்கு மட்டும். மன்னருக்கு விசுவாசமான ஆண்டைகளின் அடிமைகளுக்கு இல்லை. டன்மோரே அடிமைகள் வைத்திருந்தவர். எதிரியின் பண்ணையைக் காலி செய்யும் போர்த் தந்திரம் இது, இதில் கருணை ஏதும் இல்லை. ஆனால் பண்ணைகளில் இருந்தவர்கள் அந்த அறிக்கையின் நோக்கத்தை ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. படகுகளில் ஏறி டன்மோரின் கப்பல்களை நோக்கிப் போனார்கள். வந்தவர்களைக் கொண்டு ‘எத்தியோப்பியப் படைப்பிரிவு’ உருவானது. ஹாரியும் இப்படித்தான் போனார். 1771இலேயே ஒருமுறை ஓடிப் பிடிபட்டவர் அவர். காம்பியாவில் பிறந்து அட்லாண்டிக் கடந்து கொண்டுவரப்பட்டவர். போனவர்களில் நூற்றுக்கணக்கானோர் கப்பல்களிலும் முகாம்களிலும் பெரியம்மையில் செத்தார்கள்.

டிசம்பர் 30 அன்று வாஷிங்டன் தன் உத்தரவைத் தளர்த்தி, ஏற்கெனவே படையில் இருந்த சுதந்திரக் கறுப்பர்கள் மீண்டும் சேரலாம் என்றார். டன்மோர் பக்கம் போய்விடுவார்களோ என்ற பயம்தான் காரணம். கருத்து மாறிவிடவில்லை. போர் முடிவதற்குள் சுமார் 5,000 கறுப்பர்கள் குடியேறிகளின் பக்கம் போரிட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் பக்கம் ஓடியவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு. அடக்கமாகக் கணக்கிடுபவர்களே இருபதாயிரம் என்கிறார்கள்.

இங்கே ஒரு சர்ச்சையைத் தொட்டாக வேண்டும். 2019இல் நியூயார்க் டைம்ஸ் ‘1619 திட்டம்’ என்ற சிறப்பிதழை வெளியிட்டது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்வது குடியேறிகள் விடுதலை கேட்டதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று அதில் நிகோல் ஹானா-ஜோன்ஸ் எழுதினார். பல வரலாற்றாசிரியர்கள் எதிர்த்தார்கள். 2020இல் அந்த வரி ‘குடியேறிகளில் சிலர்’ என்று திருத்தப்பட்டது. நம்மிடையே சமூக ஊடகங்களில் திருத்தத்துக்கு முந்தைய வரிதான் இன்னும் சுற்றுகிறது. திருத்தம் சரி என்றுதான் நினைக்கிறேன். லெக்சிங்டனில் துப்பாக்கி தூக்கிய மாசசூசெட்ஸ் விவசாயி அடிமை முறையைக் காக்க வரவில்லை. டன்மோரின் அறிக்கை வரும்போது போர் தொடங்கி ஏழு மாதம் ஆகிவிட்டது. ஆனால் வர்ஜீனியாவிலும் தென் கரோலினாவிலும் மதில்மேல் பூனையாக இருந்த பண்ணையார்களை விடுதலையின் பக்கம் தள்ளியதில் அந்த அறிக்கைக்குப் பங்கு உண்டு. ஆதாரம் பிரகடனத்திலேயே இருக்கிறது. ஜெஃபர்சன் தன் வரைவில் அடிமை வணிகத்துக்காக மன்னரைக் கண்டித்து ஒரு நீண்ட பத்தி எழுதியிருந்தார். மாநாடு அதை வெட்டியது. தென் கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் அது பிடிக்கவில்லை என்று ஜெஃபர்சன் பிறகு எழுதினார். மன்னர் எங்களிடையே உள்நாட்டுக் கலகங்களைத் தூண்டுகிறார் என்ற புகார் மட்டும் தங்கிவிட்டது. உள்நாட்டுக் கலகம் என்றால் ஹாரி. அதே வாக்கியம் பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்கிறது. ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் உடைமையாக வைத்திருந்த மனிதர்கள் 600க்கு மேல்.

சரி, எப்படி ஜெயித்தார்கள்? பெரும்பாலும் தோற்றுக்கொண்டே. 1776இல் நியூயார்க்கை இழந்து வாஷிங்டன் ஓடினார். டிசம்பர் 26 அன்று டெலவர் ஆற்றைக் கடந்து டிரென்டனில் அடித்த அடி, கரைந்துகொண்டிருந்த படையைக் கட்டிக் காத்தது. 1777இல் தலைநகர் பிலடெல்பியாவே போனது. ஆனால் அமெரிக்காவில் ஒரு நகரைப் பிடித்தால் நாடு விழுந்துவிடாது. பிரிட்டிஷ் படை ஊரைப் பிடிக்கும், சுற்றியுள்ள நாட்டுப்புறம் உள்ளூர்ப் படையினர் கையில் இருக்கும். 1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு முழு பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அதைப் பார்த்துத்தான் 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் வெளிப்படையாகக் கூட்டு சேர்ந்தது. பணம், வெடிமருந்து, கப்பல் எல்லாம் அங்கிருந்து வந்தன. பிரெஞ்சுக்காரர்கள் இல்லாமல் அமெரிக்கா வென்றிருக்காது என்பதே என் கணிப்பு. 1777இல் வாஷிங்டன் தன் படை முழுவதற்கும் பெரியம்மைத் தடுப்பு போடச் செய்தார். எந்தச் சண்டையையும்விட அதிக வீரர்களைக் காப்பாற்றிய முடிவு அதுவாகத்தான் இருக்கும்.

(பிரான்ஸ் வந்ததும் போர் உலகெங்கும் பரவியது. நம் ஹைதர் அலி பிரெஞ்சுக்காரர்களுடன் சேர்ந்து கம்பெனியை அடித்துக்கொண்டிருந்தார் என்ற செய்தி பென்சில்வேனியா வரை போய், அவர்கள் ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயரை வைத்தார்கள். இந்தப் போரின் கடைசிச் சண்டை என்று சொல்லப்படுவது 1783 ஜூனில் கடலூரில் நடந்தது. சமாதான ஒப்பந்தத்தின் முன்வரைவு கையெழுத்தாகி மாதங்கள் ஆகியிருந்தன. கப்பலில் செய்தி வந்து சேரும்வரை இங்கே செத்துக்கொண்டிருந்தார்கள்.)

ஆள் பற்றாக்குறை போர் முழுக்க இருந்தது. அதை இரண்டு மாநிலங்கள் எப்படிச் சமாளித்தன என்று பாருங்கள். ரோட் ஐலண்ட் 1778 பிப்ரவரியில் ஒரு சட்டம் போட்டது: படையில் சேரும் அடிமை அந்தக் கணமே சுதந்திர மனிதர், ஆண்டைக்கு அரசு இழப்பீடு தரும். ஆண்டைகள் கூச்சலிட்டு, சில மாதங்களிலேயே அந்தச் சட்டத்தை நிறுத்தினார்கள். அதற்குள் சேர்ந்தவர்களைக் கொண்ட படைப்பிரிவு ஆகஸ்டில் தன் மண்ணிலேயே பிரிட்டிஷ் கூலிப்படையை எதிர்த்து நின்றது. வர்ஜீனியா வேறு வழியைக் கண்டுபிடித்தது. 1780இல் அங்கே வந்த சட்டப்படி, போர் முடியும்வரை படையில் இருக்கச் சம்மதிக்கும் வெள்ளையருக்கு ஊக்கப்பரிசு 300 ஏக்கர் நிலம், கூடவே பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட ஆரோக்கியமான ஓர் அடிமை. அடிமை வேண்டாமென்றால் 60 பவுண்டு. விடுதலைக்காகப் போராடினால் ஒரு மனிதர் பரிசு. இதை முதல் முறை படித்தபோது நான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று திரும்பப் படித்தேன். நிலம் எங்கிருந்து வந்தது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 1779இல் வாஷிங்டன் அனுப்பிய படை இரோக்குவா மக்களின் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை எரித்தது, அறுவடைக்கு நின்ற மக்காச்சோளத்தையும் சேர்த்து.

1781 அக்டோபர், யார்க்டவுன். கார்ன்வாலிஸ் பிரபுவின் படையைத் தரையில் வாஷிங்டனும் பிரெஞ்சுப் படையும் சூழ்ந்தன. கடலில் பிரெஞ்சுக் கப்பற்படை வழியை அடைத்தது. அந்த வளையத்துக்குள் கார்ன்வாலிஸை நம்பித் தெற்கிலிருந்து கூடவே வந்த ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் இருந்தார்கள். கோட்டைக் கொத்தளங்களுக்குக் குழி வெட்டியது அவர்கள்தான். உணவு தீர்ந்தது, பெரியம்மை பரவியது. கார்ன்வாலிஸ் அவர்களை வளையத்துக்கு வெளியே துரத்திவிட்டார். இரண்டு படைகளுக்கு நடுவே, காட்டில், அம்மையோடு கிடந்து செத்தார்கள். அந்த உடல்களைப் பார்த்த அமெரிக்கச் சிப்பாய்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே நாட்களில் ரோட் ஐலண்டின் கறுப்பு வீரர்கள் எதிர்ப்பக்கத்தில் நின்று பிரிட்டிஷ் அரண்களைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 19 அன்று 7,000க்கும் மேற்பட்டோருடன் கார்ன்வாலிஸ் சரணடைந்தார். வெற்றியின் கையோடு வாஷிங்டன் செய்த வேலைகளில் ஒன்று, உயிர் பிழைத்திருந்த ஓடிப்போன அடிமைகளைப் பிடித்து உரியவர்களிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்தது. அவருடைய சொந்தப் பண்ணையிலிருந்து ஓடியவர்களில் சிலரும் அதில் சிக்கினார்கள். கார்ன்வாலிஸோ ஐந்தே ஆண்டுகளில் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தா வந்து, ஜமீன்தார்களுக்கு நிலத்தை நிரந்தரமாக எழுதிக் கொடுத்தார்.

எனக்கு மிகவும் தொந்தரவு கொடுப்பது பாரிஸ் பேச்சுவார்த்தைதான். 1782 நவம்பர். பிரிட்டன் தரப்பில் பேசியவர் ரிச்சர்ட் ஆஸ்வால்டு. அமெரிக்கத் தரப்பில் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தவர் தென் கரோலினாவின் ஹென்றி லாரன்ஸ். எதிரிகளா இவர்கள்? பழைய வியாபாரக் கூட்டாளிகள். மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் ஆற்றில் பன்ஸ் தீவு என்ற அடிமைக் கோட்டையின் பங்குதாரர் ஆஸ்வால்டு. அங்கிருந்து கப்பலில் வந்த மனிதர்களைச் சார்லஸ்டனில் தரகு வாங்கிக்கொண்டு விற்றுக் கொடுத்தவர் லாரன்ஸ். ஒப்பந்தம் ஏறக்குறைய முடிந்த நிலையில் லாரன்ஸ் ஒரு வாசகத்தைச் சேர்க்கச் சொன்னார்: பிரிட்டிஷ் படை வெளியேறும்போது நீக்ரோக்களையோ அமெரிக்கர்களின் பிற உடைமைகளையோ கொண்டுபோகக் கூடாது. ஆஸ்வால்டு தயங்காமல் ஒப்புக்கொண்டார். அமெரிக்காவைச் சுதந்திர நாடாக ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு இது. இதில் இன்னொரு வேதனை உண்டு. ஹென்றியின் மகன் ஜான் லாரன்ஸ், அடிமைகளை விடுவித்து 3,000 பேர் கொண்ட கறுப்புப் படை அமைக்க வேண்டும் என்று தென் கரோலினா சட்டமன்றத்தில் மன்றாடித் தோற்றவர். 1782 ஆகஸ்டில், போரின் கடைசிச் சில்லறைச் சண்டைகளில் ஒன்றில் செத்துப்போயிருந்தார். அப்பா அந்தத் துக்கத்தோடுதான் அந்த வாசகத்தைச் சொன்னார்.

செய்தி நியூயார்க் வந்ததும் அங்கிருந்த கறுப்பர்களுக்கு ஊணும் உறக்கமும் போய்விட்டது. தெற்கிலிருந்து ஆண்டைகள் வந்து தெருக்களில் அவர்களைத் தேட ஆரம்பித்தார்கள். 1783 மே 6 அன்று வாஷிங்டன் பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டனைச் சந்தித்தார். உடைமைகளைத் திருப்பித் தருவது பற்றித்தான் முதலில் பேசினார். கார்ல்டன் சொன்ன பதில் வாஷிங்டனுக்கு அதிர்ச்சியாக இருந்தது: ஒப்பந்தத்துக்கு முன்பே எங்கள் அறிக்கைகளை நம்பி வந்தவர்கள் ஏற்கெனவே சுதந்திர மனிதர்கள், அவர்கள் யாருடைய உடைமையும் அல்ல, சிலர் கப்பல் ஏறியும் விட்டார்கள். இழப்பீடு கேட்க வசதியாக ஒவ்வொருவரையும் பதிவு செய்து வைக்கிறேன் என்றார். அப்படி எழுதப்பட்டதுதான் நான் சொன்ன ஏடு. அதில் 20 வயது டெபோரா என்ற பெண்ணின் பெயர் இருக்கிறது. அம்மைத் தழும்பு முகம் என்று குறித்திருக்கிறார்கள். அவரும் ஜெனரல் வாஷிங்டனிடமிருந்து வந்தவர்தான்.

ஹாரியும் டெபோராவும் தேசத் துரோகிகளா? அமெரிக்காவின் தேசபக்த வரலாறு நெடுங்காலம் இவர்களை அப்படித்தான் வைத்திருந்தது, அல்லது வைக்கவே இல்லை. அந்நியனோடு சேர்ந்துகொண்டாயே என்று ஒடுக்கப்பட்டவரைப் பார்த்து உள்ளூர் ஆண்டை கேட்பது நமக்குப் புதிதல்ல. எந்த தேசம், அதில் எனக்கு என்ன இடம் என்று திருப்பிக் கேட்க உரிமை உண்டு. எஸ்டாபுரூக்கும் ரோட் ஐலண்ட் வீரர்களும் குடியேறிகளின் பக்கம் நின்றார்கள். ஹாரி மன்னரின் பக்கம் போனார். இருவரும் ஒரே போரைத்தான் நடத்தினார்கள் என்று நான் பார்க்கிறேன். கதவு எந்தப் பக்கம் திறந்ததோ அந்தப் பக்கம் நடந்தார்கள்.

அதற்காக பிரிட்டனுக்கு மாலை போட வேண்டியதில்லை. கார்ல்டன் 3,000 பேரைக் காப்பாற்றிய அதே நேரத்தில், மன்னருக்கு விசுவாசமான ஆண்டைகள் தங்கள் அடிமைகளை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஜமைக்காவுக்கும் பஹாமாஸுக்கும் கொண்டுபோனார்கள். அதை எந்த பிரிட்டிஷ் அதிகாரியும் தடுக்கவில்லை. அன்றைய உலகின் பெரிய அடிமை வியாபாரிகளே பிரிட்டிஷார்தான்.

ஜோதிராவ் ஃபுலேவை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தாமஸ் பெய்னை விரும்பிப் படித்தவர் அவர். 1776இல் அமெரிக்க விடுதலைக்கு அனல் மூட்டிய அதே பெய்ன், அடிமை முறையையும் எதிர்த்தவர். 1873இல் ஃபுலே தன் ‘குலாம்கிரி’ நூலை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். எதற்காக என்பதைக் கவனிக்க வேண்டும். கறுப்பர்களை அடிமை முறையிலிருந்து விடுவிக்க அவர்கள் செய்த தியாகத்துக்காக. ஃபுலே வணங்கியது 1865இன் அமெரிக்காவை. 1776இலிருந்து 1865 வரை 89 ஆண்டுகள். 1790இல் சுமார் ஏழு லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் ஏறக்குறைய நாற்பது லட்சம்.

ஹாரியை நடுக்கடலில் விட்டுவிட்டோம். லபொண்டான்ஸ் அவரை நோவா ஸ்கோஷியாவில் இறக்கியது. பிர்ச்டவுன் என்ற கறுப்பர் குடியிருப்பில் கல்லும் சேறுமான நிலம் கிடைத்தது, பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. குறைந்த கூலிக்கு வேலை செய்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று 1784 ஜூலையில் பக்கத்து ஷெல்பர்ன் நகரின் வெள்ளைச் சிப்பாய்கள் கறுப்பர்களின் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். அந்தச் சிப்பாய்களும் மன்னருக்காகப் போரிட்டவர்களே. 1792இல் சுமார் 1,200 பேர் பதினைந்து கப்பல்களில் மீண்டும் அட்லாண்டிக்கைக் கடந்து சியரா லியோனுக்குப் போய் ஃப்ரீடவுனை உருவாக்கினார்கள். ஹாரியும் போனார். ஆற்றில் கொஞ்ச தூரம் மேலே போனால் ஆஸ்வால்டின் பன்ஸ் தீவு. அங்கே வியாபாரம் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

நிலத்துக்கு வரி கிடையாது என்று சொல்லித்தான் அவர்களை அழைத்து வந்திருந்தார்கள். வந்த பிறகு சியரா லியோன் கம்பெனி வரி கேட்டது. கட்ட மாட்டோம் என்றார்கள். 1800 செப்டம்பரில் தாங்களே எழுதிய சட்டங்களை ஒரு வீட்டுக் கதவில் ஒட்டினார்கள். லண்டனில் அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட வில்பர்ஃபோர்ஸுக்கே இவர்கள் பாரிஸ் கலகக்காரர்களைப் போலத் தெரிந்தார்கள். கலகத்தை அடக்க ஆள் போதவில்லை. அப்போதுதான் ஜமைக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்ட மரூன்கள், அவர்களும் அடிமைத்தனத்தை எதிர்த்துப் போரிட்ட பரம்பரை, கப்பலில் வந்து இறங்கினார்கள். கம்பெனி அவர்களைக் கொண்டே இவர்களை அடக்கியது. இரண்டு பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஜார்ஜ் வாஷிங்டன் அதற்கு முந்தைய டிசம்பரில் இறந்திருந்தார். தனக்குச் சொந்தமான 123 அடிமைகளை விடுவிக்க உயில் எழுதியிருந்தார். மனைவியின் காலத்துக்குப் பிறகு என்று ஒரு நிபந்தனையும் அதில் இருந்தது. அவரோ காத்திருக்காமல் 1801 ஜனவரியிலேயே விடுவித்தார். ஹாரி அந்த வேளையில் ஆற்றின் மறுகரையில் புல்லம் என்ற இடத்தில் இருந்தார். வரி கட்ட மறுத்துக் கலகம் செய்த குற்றத்துக்காக ராணுவ நீதிமன்றம் அவரை அங்கே நாடு கடத்தியிருந்தது. வயது அறுபது.